மூன்றாவது மங்கு

கோப்பெங்,
14 மார்ச் 2023

அன்புள்ள மாது,

ஜனவரியில் நீ எழுதியதற்கு மார்ச்சில் பதில் எழுதுகிறேன். திட்டாதே. விடுதி அறையைக் காலி செய்த அன்று, "வாட்சாப்பில் சேதி மட்டும், மனசில் இருப்பதெல்லாம் காகிதத்தில்" என்று விதி போட்டவள் நீ. காகிதத்தில் எழுத வேண்டுமென்றால் மினி தூங்க வேண்டும். அவள் தூங்கினால் நான் எழுதுவதை விட்டுவிட்டு அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அது போதாமல் என் பவுடர் டப்பாக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன். ஏழு மாதப் பிள்ளை, நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் நன்றாக இல்லை போலிருக்கிறது.

புது வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மூன்று அறை, சின்ன வாசல், பின்னால் சுண்ணாம்பு மலை. பள்ளி வேலைக்கு இன்னும் விடுப்புதான். சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது என்று வீட்டை அலங்கரிக்க ஆரம்பித்துவிட்டேன். கேட்டில் வீட்டு எண் பதினேழைத் தமிழ் எண்ணில் ௧௭ என்று பச்சைச் சாயத்தில் எழுதினேன். சாப்பாடு கொண்டுவந்த மலாய்த் தம்பி கேட்டுக்கு முன்னால் நின்று, "அக்கா, இது நம்பரா, சாமி பேரா?" என்று கேட்டான். அம்மாவின் பழைய பூப்போட்ட பாத்தேக் கைலிகளை வெட்டிச் சன்னல் திரை தைத்தேன். கதவுப் பிடிகளுக்கெல்லாம் சிவப்பு நூல் சுற்றினேன், மினி இடித்துக்கொண்டால் வலிக்காது, பார்க்கவும் அழகு. பவித்ரன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எதுக்குச் சட்டை போட்ட தினா? சுவத்துக்கா, நாற்காலிக்கா?" என்று கேட்கிறார். ஏர்கான் பழுது பார்க்கிறவருக்கு நாலு சுவரும் ஒரு பெட்டியும் இருந்தால் வீடு.

ஆனால் வரவேற்பறைச் சுவரில் நாலு துளை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அதில்தான் மங்கு மாட்டியிருக்கிறேன். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவார்களே, அந்த மண் மங்கு. சுங்காய்த் தோட்டத்தில் அம்மா மரம் சீவிய காலத்தில் வைத்திருந்தவை. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். மரத்தில் கட்டுகிற அதே கம்பி வளையத்தோடு நாலை வரிசையாக மாட்டினேன். போட்டோ வைத்திருக்கிறேன், பார். நீதானே வீட்டு அலங்காரத்தில் பெரிய ஆள். மார்க் போடு.

உன் தோட்டத்து ராணி,
தினா


பெட்டாலிங் ஜெயா,
2 ஏப்ரல் 2023

என் அருமைத் தோட்டத்து ராணி,

நூற்றுக்கு நூற்றுப்பத்து! கிராணி வீட்டுப் பொண்ணு சொல்கிறேன், ஏற்றுக்கொள். எங்கள் தாத்தா தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதினார், உங்கள் அம்மா மரம் சீவினார்கள். ஆனால் அழகைப் பார்க்கிற கண் எல்லாம் உங்கள் வீட்டுக்கே போய்விட்டது.

உன் போட்டோவை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை தினா, பொறாமையாக இருந்தது. போன வாரம் எங்கள் முதலாளி எல்லார் முன்னாலும் என் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, "மாதுமை, இது யார் வேலைன்னு எப்படித் தெரியும்? உன் முகம் எங்க இருக்கு இதுல?" என்று கேட்டார். எட்டு வருடமாகப் பிறர் வீட்டுக்கு மெத்தை நிறமும் விளக்கு அளவும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். எனக்கென்று ஒரு பாணி இல்லையாம். நீ கைலியை வெட்டித் திரை தைத்தாய், உன் முகம் வந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். நாலு மங்கில் மூன்றாவதை மட்டும் கவிழ்த்து வைத்திருக்கிறாயே, அது எப்படித் தோன்றியது? அந்த ஒன்றுதான் சுவரையே பேச வைக்கிறது. மற்ற மூன்றும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. சொல்லு சொல்லு.

மினிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கண்ணாடி வைத்துப் பார்ப்பதை நிறுத்து.

உன் மாது


கோப்பெங்,
20 ஜூன் 2023

அன்புள்ள மாது,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். தாமதத்துக்கு அதுதான் காரணம், மினி இல்லை.

தோட்டத்தில் மழை கட்டிக்கொண்டு வந்தாலோ, மரத்துக்கு ஓய்வு விட்டாலோ மங்கைக் கவிழ்த்துவிடுவார்கள். சின்ன வயதில் நான் அம்மாவோடு காட்டுக்குப் போகும்போது, ஒரு மரத்தில் மட்டும் மங்கு கவிழ்ந்திருப்பதைப் பார்த்து, "ஏம்மா இதுல மட்டும் இப்படி?" என்று கேட்டேன். அம்மா, "இந்த மரத்துக்கிட்ட இன்னைக்கு ஒன்னும் கேக்காதீங்கன்னு அர்த்தம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

நாலு மங்கும் நாங்கள் நாலு பேர் மாது. முதலாவது பவித்ரன், இரண்டாவது நான், நாலாவது மினி.

மூன்றாவது யார் என்று உனக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. நீ வர முடியாமல் போனில் அழுதாய். எட்டு மாதம் சுமந்தேன். முகத்தை ஒருமுறை காட்டினார்கள். பேர் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுவாரமே எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள், என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, அடுத்தது எப்போது. பவித்ரன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. என்னிடமும், "இனி இதைப் பத்திப் பேச வேணாம் தினா, என்னால முடியல" என்றார். அன்றிலிருந்து பேசவில்லை. மினி பிறந்த அன்றுகூடப் பேசவில்லை.

சுவரில் மங்கு மாட்டிய அன்று மூன்றாவதைக் கையில் எடுத்தேன், கை தானாகக் கவிழ்த்தது. அம்மா தனக்கு ஒதுக்கிய மர நிரையின் மங்குகளை வேறு யாரும் எடுத்துவிடக்கூடாதென்று அடியில் சிவப்புச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்திருப்பாள். கவிழ்த்ததும் அந்தப் புள்ளி மேலே வந்து நின்றது. கன்னத்தில் பொட்டு வைக்கிற அளவுக்குக்கூட அவன் எங்களோடு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

பவித்ரனுக்கு இது தெரியாது. "ஒன்னு மட்டும் கவுந்திருக்கே, டிசைனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலையும் துணி வைத்துத் துடைக்கிறார். அம்மாவுக்கும் தெரியாது. உலகத்தில் இப்போது உனக்கு மட்டும்தான் தெரியும். படித்துவிட்டு மடித்து வை.

உன்,
தினா


பெட்டாலிங் ஜெயா,
1 ஜூலை 2023

என் தினா,

ஆபீஸ் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது, "கண்ணுல தூசியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், உன்னைப் போலவே.

மடித்து வைத்துவிட்டேன். நீ சொன்னது என்னிடமிருந்து எங்கும் போகாது. என் தலைமேல் ஆணை.

ஒரு சின்ன ஆசை. அம்மாவின் சாக்கில் இன்னும் மங்கு இருக்குமா? என் வீட்டில் மாட்ட நாலு வேண்டும். கம்பி வளையத்தோடு கிடைத்தால் ரொம்பச் சந்தோஷம். பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வரும் அல்லவா?

உன் மாது


கோப்பெங்,
9 செப்டம்பர் 2023

அன்புள்ள மாது,

பார்சல் கிடைத்திருக்கும். உடையக்கூடாதென்று மினிக்குச் சின்னதாகிப்போன சட்டைகளில் சுற்றினேன். சட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடு, எனக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது.

அம்மாவிடம் மங்கு கேட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். "கிராணி வீட்டுப் பொண்ணுக்கு மங்கு எதுக்குலா?" என்றாள். "அவ வீட்டுல மாட்டப் போறாம்மா." "நாங்க பால் கொண்டு போய்க் கொட்டுறப்ப அவுங்க தாத்தா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கணக்கு எழுதுவாரு. இப்ப பேத்தி வீட்டுச் சுவத்துல மாட்டப் போறாளா? நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே சாக்கைக் கொட்டி, விளிம்பு உடையாததாகப் பார்த்து நாலைப் பொறுக்கினாள். சாயம் மங்கியிருந்த புள்ளிகளின் மேல் நகப்பூச்சால் புதுப்புள்ளி வைத்தாள். "எங்க போனாலும் மங்களத்தோட மங்குன்னு தெரியணும்ல?" என்றாள். என் நகப்பூச்சுதான், பாதி புட்டி காலி.

மினி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மங்கு கைக்கு எட்டிவிடுமோ என்று பவித்ரனிடம் சொல்லி இரண்டு சாண் மேலே ஏற்றினேன். பழைய துளைகளை மறைக்க மினியின் கையைச் சாயத்தில் தோய்த்து, காகிதத்தில் பதித்து ஒட்டினேன். இதற்கும் சேர்த்து மார்க் போடு.

உன் சுவரின் போட்டோ அனுப்பு. ஆசையாகக் காத்திருக்கிறேன்.

உன்,
தினா


பெட்டாலிங் ஜெயா,
18 டிசம்பர் 2023

அன்பு தினா,

மன்னித்துக்கொள், இந்த முறை தாமதம் என்னுடையது. மங்கு பத்திரமாக வந்தது. அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். போட்டோ பிறகு அனுப்புகிறேன், வீடு ஒரே அலங்கோலமாக இருக்கிறது.

ஈப்போவில் ஒரு வேலை எடுத்திருக்கிறோம். மூன்று தடவை வந்து போனேன். கோப்பெங் இருபது நிமிடம்தான் என்று தெரியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ராத்திரிக்குள் திரும்ப வேண்டியதாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. முதலாளிக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. "இப்பதான் உன் முகம் தெரியுது" என்றார். எட்டு வருடம் கழித்து!

மினியின் சட்டைகளை எங்கோ பத்திரமாக வைத்தேன், தேடி அனுப்புகிறேன்.

அவசரத்தில்,
மாது


கோப்பெங்,
26 பிப்ரவரி 2024

மாது,

இந்த முறை தாமதிக்கவில்லை. நேற்றுப் பார்த்ததை இன்றே எழுதுகிறேன்.

நேற்றுப் பவித்ரனுக்குப் பிறந்தநாள். அவருடைய அக்கா விமலா, ஈப்போ பழைய டவுனில் புதிதாகத் திறந்த காப்பிக் கடைக்கு எங்களை அழைத்துப் போனார். நீ அலங்கரித்த கடை என்று எனக்குத் தெரியாது. உள்ளே போனதும் வலது பக்கச் சுவர். கம்பி வளையத்தில் நாலு மங்கு. மூன்றாவது கவிழ்ந்திருக்கிறது. அதன் அடியில் சிவப்புப் புள்ளி, என் நகப்பூச்சு.

அதற்குக் கீழே இளஞ்சிவப்பு விளக்கெழுத்தில், "இன்னைக்கு ஒன்னும் கேக்காதீங்க."

ஒரு கூட்டம் பெண்கள் அதன் கீழே நின்று சோம்பல் முறிக்கிற மாதிரி கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி நடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கத்தான் எழுதி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

விமலா அண்ணி என் தோளில் தட்டினார். "அடடே! இதப் பாத்துத்தான் வீட்டுல மாட்டுனியா தினா? அப்படியே காப்பி அடிச்சிட்டியேலா!"

"இல்ல அண்ணி, நான் போன வருசமே…"

"அட, வெக்கப்படாத. நல்லாத்தானே இருக்கு."

பரிமாற வந்த பெண், "அதாங்க்கா எங்க கடை ஸ்டைல்" என்று கையில் ஒரு மடிப்புத்தாளைக் கொடுத்தாள். அதில் உன் போட்டோ. சிரித்துக்கொண்டிருக்கிறாய். ஓய்வை விரும்பும் மனதுக்கு ஒரு கவிழ்ந்த மங்கு, இது மாதுமையின் கையெழுத்து என்று அச்சடித்திருக்கிறது.

பவித்ரன் அதை வாங்கிப் படித்தார். "ஓ, உன் ஃபிரெண்டா? அப்ப அவுங்ககிட்டேர்ந்துதான் ஐடியா எடுத்தியா? இருக்கட்டும்லா, யாருகிட்ட எடுத்தா என்ன" என்று எனக்குக் கேக் வெட்டி வைத்தார். அவர் பிறந்தநாளில் நான் என்ன சொல்வது? மினிக்கு ஊட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது சிம்பாங் பூலாய் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். சொல்லிவிட்டேன். நாலு வருடமாகப் பேசாததை, லாரிகள் போய்க்கொண்டிருந்த ரோட்டோரத்தில், மினி பின்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்போது சொல்ல வேண்டியதாயிற்று. அவர் இஞ்சினை அணைத்தார். பிறகு, "நாலும் நம்மளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை நான் அவனத் தொடச்சிட்டு இருந்திருக்கேனே தினா" என்றார். 

நான் இதை அவரிடம் ஒருநாள் சொல்லத்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, எனக்குத் தைரியம் வருகிற ஒருநாள். அந்த நாளை நீ எடுத்துக்கொண்டாய்.

மங்குகள் அங்கேயே இருக்கட்டும், அம்மா கொடுத்தது கொடுத்ததுதான். இரண்டே இரண்டு காரியம் செய். மூன்றாவதை நிமிர்த்தி வை. அம்மாவின் வார்த்தையைச் சுவரிலிருந்து எடு.

தினா


பெட்டாலிங் ஜெயா,
8 மார்ச் 2024

அன்பு தினா,

உன் கடிதம் என்னைக் கொன்றுவிட்டது. ஆனால் என் பக்கத்தையும் கேள்.

பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. என் ஆணை ஆணையாகத்தான் இருக்கிறது. நான் எடுத்தது ஒரு வடிவம் மட்டும். மங்கைக் கவிழ்ப்பது எல்லாத் தோட்டத்திலும் இருந்த பழக்கம், அது உனக்கோ எனக்கோ மட்டும் சொந்தமில்லை. தோட்டத்து ஆட்களின் வாழ்க்கையை இதுவரை எந்தக் கடைச் சுவரில் மரியாதையாக வைத்தார்கள்? நீ சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன். சொல்லாமல் செய்தது தப்பு. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம், அதனால்தான்.

மூன்றாவதைக் கவிழ்த்ததற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. கண்ணுக்கு அந்த இடம்தான் பொருத்தமாக இருந்தது.

இப்போது மாற்ற முடியாது தினா. கடைக்காரருக்கு அந்தச் சுவர்தான் உயிர், இன்னும் இரண்டு ஊரில் இதே மாதிரி கேட்கிறார்கள். வேண்டுமானால் மடிப்புத்தாளில் உன் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன், "எண்ணம்: தினேஸ்வரி" என்று. உனக்குப் பவித்ரன் இருக்கிறார், மினி இருக்கிறாள். எனக்கு இந்த வேலை ஒன்றுதான். அதையும் யோசித்துப் பார்.

என்மேல் கோபம் தணிந்ததும் எழுது.

என்றும் உன்,
மாது


கோப்பெங்,
2 ஏப்ரல் 2024

மாதுமைக்கு,

கோபம் தணிவதற்காகக் காத்திருந்தேன். தணிந்துவிட்டது, அதனால்தான் எழுத முடிகிறது.

முதலாவதைக் கவிழ்த்திருக்கலாம். கடைசியைக் கவிழ்த்திருக்கலாம். ஐந்து மாட்டி நடுவில் இருப்பதைக் கவிழ்த்திருக்கலாம். உனக்கு அளவு தெரியும், விடுதி அறையில் என் ஒரு சுவருக்கே ஏழு விதம் வரைந்து காட்டியவள் நீ. அப்படி ஏதாவது செய்திருந்தால் வடிவம்தான் என்று நானும் நம்பியிருப்பேன். மடித்து வைத்த கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்தச் சுவரை மாட்டியிருக்கிறாய்.

என் பெயரை எங்கும் போட வேண்டாம். அவனுக்கே பெயர் வைக்கவில்லை, அந்தச் சுவரில் எனக்கு எதற்கு?

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. யாரோ போனில் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். புள்ளியைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுல மாட்டலியா?" என்றாள். இல்லை என்றேன். "கடையிலயா மாட்டுனா? நான் வீட்டுக்குன்னுதானே பாத்துப் பாத்துப் பொறுக்குனேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, கிழிக்கவில்லை. நீ மனசு விட்டு எழுதியவையும் அதில் உண்டு, அவை என்னிடமே இருக்கட்டும். நான் எழுதியவற்றில் ஜூன் 20 கடிதம் மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும். தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதி, ஓர் உறை இத்துடன் வைத்திருக்கிறேன். மினியின் சட்டைகள் கிடைத்தால் அவற்றையும் அனுப்பு. கிடைக்காவிட்டால் தேட வேண்டாம்.

மினி நடக்கிறாள். கண்ணாடி வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், நீ கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை பவித்ரன் துளை போடும் இயந்திரத்தை எடுத்துவந்து, "எங்க வைக்கலாம், சொல்லு" என்று கேட்டார். இரண்டு பேருமாக வரவேற்பறைச் சுவரில் ஒரு மாற்றம் செய்தோம். முதல் தடவையாக அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்தோம். மறுநாள் விமலா அண்ணி வந்து அதற்குக் கீழேதான் உட்கார்ந்து டீ குடித்தார், ஒன்றும் தெரியவில்லை. உனக்கென்றால் பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

இந்த முறை போட்டோ வைக்கவில்லை.

தினேஸ்வரி